முழுகிய முட்டை

இப்போதெல்லாம் எவனும் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதே இல்லை. அட்டையோடு வாங்குகிறான், மேலே தேதி அச்சடித்திருக்கிறது என்று நம்பித் தின்கிறான். அச்சடிக்கிறவனா முட்டை போட்டான்? பாகூர் ஏரிக்கரைப் பக்கம் நாற்பது வருஷமாகக் கோழி வளர்க்கிற அருள்தாஸுக்கு இதை நினைத்தாலே எரிச்சல்.

அதனால், மொரீஷியஸிலிருந்து பத்து நாள் லீவில் வந்த மகள் சகாயராணி, பெரிய மாங்காய் அளவில் ஒரு முட்டையை நீட்டியதும், அவர் வாளியைத்தான் தேடினார்.

"டோடோ முட்டைப்பா. எங்க தீவுக் காட்டுல இருந்த பறவ. வான்கோழியவிட பெருசு, பறக்காது. ஆளப் பாத்தா பயப்படவும் தெரியாது. கப்பல்ல வந்தவனுங்க அடிச்சித் தின்னானுங்க. கூட வந்த எலியும் பன்னியும் முட்டையத் தின்னுடுச்சி. முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சி, ஒண்ணுகூட இல்ல. இது கடைல விக்கிற பீங்கான். சும்மா ஞாபகத்துக்கு வாங்கியாந்தேன்."

"ஒண்ணுகூட இல்லன்னு எவன் சொன்னான்? காடு பூரா குனிஞ்சி பாத்தானா?"

"இன்னாப்பா நீ! பள்ளிக்கூடத்துலயே சொல்லித் தராங்க."

மூன்றாவதோடு நின்ற அருள்தாஸ் பள்ளிக்கூடத்தை மதிக்கவில்லை. முட்டையை வாளியில் விட்டார். அடியில் போய்ச் சாய்ந்து படுத்துக்கொண்டது. கூமுட்டை என்றால் மிதந்திருக்கும்.

"பாத்தியா? நல்ல முட்ட."

"பீங்கானும் முழுவும்ப்பா!"

"ஒரு ஈட்டுக்கு எத்தினி முட்ட வைக்கும்?"

"ஒண்ணே ஒண்ணுதானாம். புறா வகையாம்."

ஒன்றே ஒன்று. அருள்தாஸுக்கும் ஒன்றே ஒன்றுதான்; அதுவும் மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறது.

"புறான்னா பதினெட்டு நாள். உடம்பு பெருசு, வாத்து கணக்குல இருவத்தெட்டு வச்சிக்க. பொரிக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போ."

சகாயராணி சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. டிக்கெட் சனிக்கிழமைக்கு.

அவள் போன மறுநாளே, அடைக்கு உட்கார்ந்திருந்த கருப்பிக் கோழியின் வயிற்றுக்கடியில் முட்டையைத் தள்ளி, அவளிடமும் போனில் சொன்னார். மாசத்துக்கு ஒருதரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, போன் பண்ணுகிற பெண் தினமும் கூப்பிட ஆரம்பித்தாள்.

"பொரிச்சிதாப்பா?"

"நாள் இருக்குது."

அதன்பிறகு அவர் மாத்திரை போட்டாரா, முட்டி வலி எப்படி, மாப்பிள்ளைக்கு எந்த ஷிப்ட் என்று பேச்சு எங்கெங்கோ போகும்.

இருபத்தெட்டு தாண்டியது. முப்பதாம் நாள் கருப்பி எழுந்து, இறகை உதறிவிட்டு, குப்பையைக் கிளறப் போய்விட்டாள்.

"எழுந்துட்டா," என்றார் அன்றைக்குப் போனில்.

"அப்ப நாளைக்கி நான் இன்னாத்தப்பா கேக்குறது?"

அருள்தாஸ் போனைத் திட்டுமேல் வைத்தார். முட்டையை எடுத்தார், இன்னும் சூடு இருந்தது. மறுபடியும் வாளியில் விட்டார். முழுகியது. துடைத்து, புள்ளிக் கோழிக்கு அடியில் தள்ளினார். அது அவர் கையைக் கொத்தியது. போனை மறுபடி எடுத்தார்.

"கருப்பிக்கு வயசாயிடுச்சி. புள்ளி இன்னிக்கிதான் உக்காந்துக்குது. மொதல்லருந்து எண்ணு."

"அது பீங்கான்ப்பா..." சகாயராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"கடக்காரன் சொன்னா நம்பிடுவியா?" என்று போனை வைத்துவிட்டு, அவர் தவிடு குழைக்கப் போனார்.