நாற்பத்து நாலு புள்ளி மூணு

எனக்குக் கோபம் மூக்குமேல நிக்கும்னு என் பொண்டாட்டி சொல்வா. நேத்து டிவி செய்தியில, நிருபரா இருக்கிற அவ தம்பி வந்து, "நகரில் நாற்பத்தேழு டிகிரி"ன்னு அளந்து விட்டப்போ நிக்காம என்ன செய்யும்? வானிலை ஆபீஸ்ல வெப்பம் அளக்கிறவன் நான். நேத்து நான் எழுதினது நாற்பத்து மூணு புள்ளி அஞ்சு. உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"கார்ல காட்டுச்சு மாமா."

தார் ரோட்டுல வெயில்ல நின்ன கார். அடுப்புமேல உக்காந்துக்கிட்டு ஊரே கொதிக்குதுன்னா எப்படி? காத்தோட சூட்டை அளக்கணும், கார் தகரத்தோட சூட்டை இல்ல. அதுக்குத்தான் புல்தரையில ஆள் உயரத்துல வெள்ளை மரப்பெட்டி வச்சிருக்கோம். சுத்திலும் சாய்வான மரச்சட்டங்க, நடுநடுவுல இடைவெளி. காத்து போகும், வெயில் போகாது. சொன்னேன். "நாளைக்கு கேமராவோட வர்றேன், நீங்களே காட்டுங்க"ன்னான்.

இன்னைக்குக் காலையிலயே தெரிஞ்சுபோச்சு, இது சாதாரண நாள் இல்லன்னு. எங்க ஆபீஸ் சரித்திரத்துலயே உச்சம் நாற்பத்து நாலு புள்ளி ஒண்ணு. நான் பொறக்கிறதுக்கு முன்னால யாரோ எழுதினது. அதைத் தாண்டுற அன்னைக்கு நான் டியூட்டியில இருக்கணும்னு எத்தனை கோடையா ஏங்கியிருக்கேன். மத்தியானம் பார்த்தா நாற்பத்து மூணு புள்ளி ஒம்பது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தான். பெட்டிக் கதவைத் திறந்து வச்சு, கேமரா விளக்கைப் போட்டு, தலையை உள்ள விட்டுப் பேசினான், பேசினான், பேசிக்கிட்டே இருந்தான். நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். அவன் போனதும் பார்க்கிறேன், நாற்பத்து நாலு புள்ளி ரெண்டு.

ரெக்கார்டா அது? விளக்குச் சூடும் அவன் மூச்சுக்காத்தும். உச்சத்தைக் காட்டுற தெர்மாமீட்டர்ல ஏறின பாதரசம் தானா இறங்காது, உதறினாத்தான் இறங்கும். உதறின பிறகு வெயில் தணிய ஆரம்பிச்சா, கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போயிடும். உதறாம எழுதினா ஒரு பய கேட்க மாட்டான். மச்சானை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே உதறிட்டேன்.

கதவைச் சாத்திட்டு வாசப்படியில உக்காந்தேன். சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. காத்து அப்படியே நின்னுபோச்சு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டுப் போய்த் திறந்தேன். நாற்பத்து நாலு புள்ளி மூணு. சத்தியமா சொல்றேன், அந்தப் புல்தரையில சின்னப் புள்ளை மாதிரி குதிச்சேன்.

மூச்சு வாங்க மச்சானுக்குப் போன்ல சொன்னேன்.

"சந்தோஷம் மாமா. ஆனா நேத்து நாங்க நாற்பத்தேழு சொல்லிட்டோமே," ன்னு இழுத்தான். "சரி, நான் பார்த்துக்கிறேன்."

சாயங்காலம் பொண்டாட்டியைப் பிடிச்சு டிவி முன்னால உக்கார வச்சேன். எங்க பெட்டி வந்துச்சு, பல்லைக் காட்டிக்கிட்டு நானும் வந்தேன். கீழ எழுத்து ஓடுச்சு: "வெயில் மூன்று டிகிரி குறைந்தது. மக்கள் நிம்மதி."

அவ கழுத்து வேர்வையைத் துடைச்சுக்கிட்டா.

"அதானே பார்த்தேன், இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்லாமத்தான் இருந்துச்சு"ன்னா.