அம்பத்தூரில் ஆள் ஏறும்

சித்திரை மாதத்தில் கடற்காற்று மதியம் இரண்டரை மணிக்குக் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னாலிருந்து கிளம்புகிறது. நாற்பத்திரண்டு பேர் உட்காரலாம், பதினெட்டுப் பேர் நிற்கலாம். இடது பக்கம் பெண்களுக்கு. சேப்பாக்கம், எழும்பூர், கீழ்ப்பாக்கம், அண்ணாநகர், பாடி, அம்பத்தூர் வழியாகப் போய் ஆவடியில் முடிகிறது. அம்பத்தூருக்கு வரும்போது அதில் உட்கார இடம் இருந்ததாக எங்கள் பகுதியில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நானும் என் மனைவி நித்யகலாவும் குடியிருப்பது மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அவளுக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடக்கிறது. படி இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பகலில் கூரை காய்கிறது, இரவில் அந்தச் சூட்டை எங்கள் மேல் இறக்கி வைக்கிறது. அவள் சரியாகத் தூங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

வெயில் ஆரம்பித்தபோது அவள் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில், குழந்தை வருவதற்குள் போய்விட வேண்டிய இடங்களை எழுதி வைத்தாள். மெரினா சுண்டல், சேப்பாக்கத்தில் ஒரு மேட்ச், எழும்பூர் மியூசியத்துத் திமிங்கலம், அண்ணாநகர் டவர் பார்க். பிறந்த பிறகு எங்கே போவது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். டாக்டரம்மா சொன்னதால் ஒன்றுக்கும் போக முடியவில்லை.

ஆனால் நான்கும் காற்றின் வழியிலேயே இருக்கின்றன. காற்றில் உட்கார ஓர் இடத்தைக் கிளம்பும்போதே பிடித்துவிட்டால், வழியில் உள்ளதெல்லாம் அந்த இடத்தில் சேர்ந்துகொண்டே வரும். பாதி வழியில் பிடித்தால் பாதிதான் கிடைக்கும். அண்ணாநகரில் பிடித்த இடத்தில் அண்ணாநகர் மட்டுமே இருக்கும். ஆகவே நான் மெரினாவில் அவளுக்கு ஓர் இடம் பிடித்து, அதை அம்பத்தூர் வரை காலியாகவே கொண்டுவந்து மொட்டைமாடியில் அவளை ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இடது பக்கம் ஏழாவது இடத்தில் அவளுடைய துப்பட்டாவைப் போட்டேன். ஆளில்லாத துண்டு கீழ்ப்பாக்கம் வரைதான் செல்லும் என்பது எனக்குத் தெரியாது. கீழ்ப்பாக்கத்தில் ஏறிய ஒரு பெண் துப்பட்டாவை எடுத்து, நான்காக மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டாவது ஞாயிறு அந்த இடத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன். சேப்பாக்கம் வருவதற்குள் எழுப்பிவிட்டார்கள்.

நேற்று முன்தினம் மூன்றாவது ஞாயிறு. அதுவே கடைசி. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் நல்ல நேரம் என்று பார்த்து, அவளுடைய அம்மா வேலூரிலிருந்து காரோடு வருவதாக இருந்தது. படி இறங்க நாற்காலியோடு தூக்க ஆள் சொல்லியாகிவிட்டது. வேலூரில் காற்று கிடையாது.

"இன்னிக்கும் கிடைக்கலன்னா பரவால்லங்க" என்றாள் நித்யகலா, நான் கிளம்பும்போது.

"கொண்டாந்துடறேன்" என்றேன்.

அவள் பரவாயில்லை என்று சொன்ன விதத்திலேயே பரவாயில்லை என்பது இல்லை. பதினொரு மணிக்கே கடற்கரைக்குப் போய்விட்டேன். மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் நின்றார்கள். இரண்டு மணிக்குள் கூட்டம் நீச்சல்குளம் வரை போய்விட்டது. குடும்பம் குடும்பமாகத் தண்ணீர் பாட்டிலும் பஜ்ஜிப் பொட்டலமுமாக வந்திருந்தார்கள். இந்த ஊரில் கோடைக்காலத்தை வீணாக்க யாருக்கும் மனசு வருவதில்லை.

இரண்டரைக்குக் கண்டக்டர் தேவநேசன் விசிலோடு வந்தார். காற்று அலைக்கு மேலே லேசாகத் தலையைத் தூக்கியதும் எல்லோரும் கர்சீப், பை, தொப்பி என்று கையில் இருந்ததை வீசினார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டு, அது எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். என் துப்பட்டா ஏழாவது இடத்தில் விழுந்தது. நான் அதன் பக்கத்தில் போய்க் காலை ஊன்றி நின்றுகொண்டேன்.

"ஆள் வருதா?" என்றார் கூடையோடு வந்த ஓர் அம்மா.

"வருது. அம்பத்தூர்ல ஏறுவாங்க."

"இங்க புடிச்சு வெச்சு அம்பத்தூர்ல ஏத்துவியா? நல்லா இருக்குபா உன் நியாயம்."

"ஆமாம்மா. ஆனா எடுக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சுண்டலே வெந்திருக்கும். நான் நகரவில்லை.

இந்த முறை கீழ்ப்பாக்கத்துக்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். அதைத் தாண்டிப் போகிற ஒரு பெண்ணைப் பிடித்து, அவர் இறங்கும்வரை உட்காரச் சொல்வது, பிறகு அதற்கு மேல் போகிற இன்னொருவரைப் பிடிப்பது. நின்றுகொண்டு வந்தவர்களில் ஒருவர், முப்பது வயது இருக்கும், இரண்டு தோழிகளோடு வந்திருந்தார். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றி நின்றார். பெயர் புஷ்பராணி. புரசைவாக்கத்தில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு கடை மூடும்வரை நிற்க வேண்டும் என்றார். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் லீவு. மூவரும் டவர் பார்க்குக்குப் போய்க் கோபுரத்தில் ஏறப் போகிறார்கள்.

"அண்ணாநகர் வரைக்கும் இந்த இடத்துல உக்காருறீங்களா? எறங்கும்போது எனக்குக் குடுத்துடணும்" என்றேன்.

"உங்களுக்கா? இது லேடீஸ் பக்கம்."

"என் ஒய்ஃபுக்கு. ஒம்பதாவது மாசம். வீட்டுல இருக்காங்க, வர முடியாது."

அவர் துப்பட்டாவைப் பார்த்தார். "நான் உக்காந்தா அதுல இருக்கறதெல்லாம் எனக்கில்ல சேந்துடும்" என்றார்.

நான் அதை யோசித்திருக்கவில்லை. உண்மைதான். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சொன்னார்: "நுனியில உக்காந்துக்கறேன். மூச்சக் கொஞ்சமா இழுக்கறேன். பழக்கந்தான்."

துப்பட்டாவை எடுக்காமல் அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

காற்று கடற்கரைச் சாலையைத் தாண்டியது. சுண்டலில் போட்ட மாங்காயும் தேங்காயும் ஏழாவது இடத்தில் வந்து படிந்தன. சேப்பாக்கத்தில் யாரோ சிக்சர் அடித்தார்கள், அந்தக் கைதட்டல் மொத்தமாக ஏறியது. அதற்கு டிக்கெட் கிடையாது, நிற்கவும் இடம் தேவையில்லை. எழும்பூரில் காற்று மியூசியத்துக்குள் நுழைந்து திமிங்கல எலும்புக்கூட்டின் பக்கத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றது. அதற்கு உப்பு வாசனை காட்டிவிட்டுப் போவது எப்போதும் உள்ள வழக்கம். திமிங்கலத்தின் குளிர்ச்சி விலா எலும்புகளின் வழியாக இறங்கித் துப்பட்டாவில் தங்கியது. புஷ்பராணி அந்த ஒரு நிமிடமும் மூச்சே விடவில்லை.

கீழ்ப்பாக்கத்தில் தேவநேசன் ஒவ்வோர் இடமாகப் பார்த்து, ஆளில்லாத துண்டுகளை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு வந்தார். ஏழாவது இடத்தில் ஆள் இருந்தது. தாண்டிப் போனார். நான் மூன்று வாரத்தில் முதல்முறையாகக் கையைத் தளர்த்தினேன்.

அண்ணாநகர் வந்தது. நான் மற்றவர்களிடம் பாடிக்கு மேல் போகிறவர்கள் யார் என்று விசாரித்தேன். பெண்களில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் டவர் பார்க்குக்கு இறங்குகிறவர்கள். கீழே நிழலில் அதைவிடப் பெரிய கூட்டம், கர்சீப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. ஏழாவது இடம் அரை நிமிடம்கூடக் காலியாக இருக்காது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. துப்பட்டாவின் முனையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். யார் உட்கார்ந்தாலும் துப்பட்டாவை விடுவதில்லை, அதோடு சேர்த்து என்னையும் இழுத்துப் போடட்டும் என்று நினைத்தேன்.

தோழிகள் இருவரும் இறங்கினார்கள். "ஏய், வாடி" என்றார்கள் கீழேயிருந்து.

புஷ்பராணி கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். அதன் உச்சியில் சின்னச் சின்னதாக ஆட்கள் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் பதிலுக்குக் கையசைத்தார்.

"நீங்க போங்கடி. நான் அம்பத்தூர் போயிட்டு வரேன்."

"அம்பத்தூர்ல என்னடி இருக்கு?"

"இவரு வீடு இருக்கு."

என்னிடம் திரும்பி, "நான் எழுந்தா இன்னொருத்தி உக்காந்துடுவா. அவளுக்கு நுனியில உக்காரத் தெரியாது" என்றார்.

உங்கள் லீவு நாள் போய்விடுமே என்றேன். "உக்காந்துட்டுத்தான வரேன்" என்றார் அவர். டவர் பார்க்கின் மரநிழலும் பலூன் விற்பவரின் ஊதல் சத்தமும் ஏறியதும் தேவநேசன் விசிலடித்தார்.

பாடியில் பதினான்கு பேர் ஏறினார்கள். நான்கு பேர் என் காலை மிதித்தார்கள். ஒரு பெண் புஷ்பராணியிடம் கொஞ்சம் நகர்ந்தால் தானும் உட்காரலாம் என்றார். இதற்கு மேல் நகர்ந்தால் நான் கீழே விழுந்துவிடுவேன் என்றார் புஷ்பராணி. அது நிஜம். அவர் பாதி அந்தரத்தில்தான் இருந்தார்.

நாலேகாலுக்குக் காற்று எங்கள் மொட்டைமாடிக்கு வந்து நின்றது. நித்யகலா அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை வாரிப் பூ வைத்து, வெளியே போகும்போது கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். புஷ்பராணி எழுந்து அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அவள் ஏழாவது இடத்தில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பிறகு, "சுண்டல்ல மாங்கா கொஞ்சம் புளிப்பு" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "திமிங்கலம் இவ்ளோ பெருசா இருக்கும்னு நெனைக்கலங்க" என்றாள். சிக்சர் வந்தபோது வயிற்றில் கைவைத்துச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை நான் மறைக்கவில்லை. கோபுரத்துக்கு வந்தபோது, உச்சியிலிருந்து எங்கள் வீடு தெரிகிறது என்றாள். புஷ்பராணி எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியை நித்யகலாவின் பக்கத்திலேயே போட்டு, புஷ்பராணியைக் காலை நீட்டி உட்கார வைத்தேன். ஆறு மணிவரை நன்றாக மூச்சிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்.

அதற்கு முன்பே நித்யகலா தூங்கிவிட்டாள்.

"ஆவடி போகணுமே" என்றேன் தேவநேசனிடம். அவர் அவளைப் பார்த்தார், பிறகு விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"ஒம்பதாவது மாசம் தூங்கறவங்கள எழுப்பறதுக்கு ரூல் இல்ல சார்" என்றார்.

காற்று அங்கேயே நின்றது. ஆவடிக்காரர்கள் சிலர் நடந்தே வந்து, கைப்பிடிச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனார்கள். மறுநாள் மெரினாவில் இன்று காற்று இல்லை என்று பலகை வைத்ததாகத் தேவநேசனுக்குப் போன் வந்தது. அவர் சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

திங்கள் காலை ஆறேகாலுக்கு அத்தை வந்தார். வாழைப்பழச் சீப்பும் மல்லிகைப் பூவுமாக மூச்சிரைக்கப் படியேறி வந்தவர், ஏழாவது இடத்தில் ஒருக்களித்துத் தூங்கும் மகளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்பலேர்ந்து மாப்ள?"

"நேத்து சாயந்திரத்துலேர்ந்து அத்தை. பத்து நாளைக்கு அப்புறம் இப்பதான்."

"எழுப்பாதீங்க" என்றார். நாற்காலி தூக்க வந்த ஆட்களைக் கையாலேயே திருப்பி அனுப்பினார். சுவரோரம் நின்று யோசித்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும், அதில் அவருக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. மகளை எழுப்பவும் கூடாது. ஏழு இருபதுக்குப் பூவை மகளின் தலைமாட்டில் வைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். வேலூர் வீட்டையும் கொண்டுவந்திருந்தார். காட்பாடியிலிருந்து ரயிலில் ஏற்றி, அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து தெருக்காரர்கள் எட்டுப் பேர் கைமாற்றி மாடிக்கு ஏற்றினார்கள். படி வளைவில் மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டது. நான் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டேன். ஒரு வீடுதானே, துணிக்கொடியைக் கழற்றிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"பின்சுவரு பக்கத்து வீட்டோட பொது மாப்ள. அத அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன்" என்றார் அத்தை.

"பரவால்ல அத்தை. தண்ணித் தொட்டியோட ஒட்டி வெச்சுடலாம்."

நித்யகலா இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். நானும் தேவநேசனும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துச் சத்தமில்லாமல் வீட்டை இறக்கினோம். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலை எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று கேட்டார்.

கிழக்கே வையுங்கள் என்றேன். காற்று அந்தப் பக்கம்தான் வரும்.