ஒரு கொதி விட்டு இறக்கவும்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது ஒரு சூப் பொட்டலத்தின் முதுகில். "ஒரு கொதி விட்டு இறக்கவும்" என்று அச்சடித்திருந்தார்கள். அதையே படித்துக்கொண்டு நின்றதில் பாத்திரம் பொங்கி அடுப்பு அணைந்துபோனது. துடைத்துக்கொண்டிருந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மனதுக்குள் வந்து உட்கார்ந்தாள்.

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில், சமையல் வகுப்பின் சன்னல்களில்—"

வேண்டாம். மழைக்கும் சூப்புக்கும் நான் எதற்குத் தரகு வேலை பார்க்க வேண்டும்?

இன்னொன்று: "அவளுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது." இது பொய். வைப்பாள். வைத்ததை மறந்துவிடுவாள்.

2.

வகுப்பில் அவளை அகராதி என்று கூப்பிடுகிறார்கள். எந்தச் சொல்லைச் சொன்னாலும் பொருள் கேட்பாள் என்பது ஒரு காரணம். கேட்கிற விதத்தில் கொஞ்சம் அகராதி பிடித்தவள் என்பது இன்னொன்று.

அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதி கிடையாது. அறை எடுத்துத் தங்கி, தானே சமைத்துக்கொள்ள வேண்டும். "ஒரு வேளைக்கு நீயா சமைச்சுக் காட்டு, கையெழுத்துப் போடறேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்காகவே பள்ளியின் ஆறு வாரச் சமையல் வகுப்பில் சேர்ந்தாள். விரல் நுனியை உள்ளே மடக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கக் கற்றாள், இரண்டு முறை மடக்க மறந்த பிறகு. கடைசி நாளில் வீட்டிலிருந்து ஒருவர் வந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். கல்லூரிப் படிவம் அவள் பையில் தயாராக இருந்தது.

(தையல்காரரான அந்த அப்பாவை முதலில் முறைப்பான ஆளாகத்தான் எழுதினேன். மீசையெல்லாம் வைத்தேன். இரண்டு வரிக்கு மேல் முறைப்பு நிற்கவில்லை. மீசையை எடுத்துவிட்டேன்.)

3.

கடைசி நாள், காய்கறி சூப். செய்முறையைக் கரும்பலகையில் டீச்சர் எழுதிப் போட்டிருந்தார். கடைசி வரி என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

"கொதிச்சாச்சு, இறக்குடி" என்றாள் பக்கத்து அடுப்புத் தோழி.

"இரு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை சாப்பிடுன்னா என்ன அர்த்தம்?"

"நடுவுல ஒரு நாள் சாப்பிடக் கூடாது."

"அதேதான். இந்தக் கொதியை விட்டுடணும். அடுத்த கொதியிலதான் இறக்கணும்."

அடுப்பை அணைத்தாள். சூப் அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி பற்றவைத்தாள். இரண்டாவது கொதி வந்தபோது கேரட்டும் உருளைக்கிழங்கும் உருத்தெரியாமல் குழைந்திருந்தன.

(இந்தத் தவறை மூன்றாம் வாரமே செய்ய வைத்திருக்கலாம். அவளுக்கு நல்லது, கதைக்கு நல்லதில்லை. மன்னித்துக்கொள் அம்மா.)

டீச்சர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பதினாலு வருஷமா இதே வரியத்தான் எழுதறேன். எல்லாரும் அடுப்பப் பாத்தாங்க. நீ இலக்கணம் பாத்திருக்க."

"இப்ப என்ன பண்றது டீச்சர்?"

"உன் பாத்திரம், உன் பாடு. அப்பா படியேறி வர்றார்."

அழலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். நேரமில்லை. மத்தை எடுத்து எல்லாவற்றையும் மசித்தாள். பால் ஊற்றினாள், மிளகு தூவினாள், ருசி பார்த்து உப்புப் போட்டாள். இதில் ஒன்றுகூடப் பலகையில் இல்லை.

4.

அப்பா கழுத்தில் அளவு நாடாவோடு வந்து உட்கார்ந்தார். ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

"கெட்டியா செய்யச் சொன்னாங்களா?"

"இல்லப்பா. குழைஞ்சு போச்சு. மசிச்சுட்டேன்."

முழுக்கைச் சட்டைத் துணியை வெட்டும்போது கை தவறினால் அதை அரைக்கைச் சட்டையாக்கத் தெரிந்தவர் அவர். கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். அவள் ஊற்றிவிட்டு, படிவத்தையும் பேனாவையும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முடிவு அ: உடனே போட்டுவிட்டார். (இவ்வளவு சுலபமான அப்பாவை நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: "சூப்பை வச்சு நாலு வருஷம் ஓட்ட முடியுமா" என்று எழுந்து— (அகராதி என்னைச் சும்மா விடமாட்டாள்.)

5.

என் சிக்கல் இதுதான். சமைக்கத் தெரியாத பெண் வீட்டைவிட்டு எங்கே போய்விடப் போகிறாள் என்று அவர் தைரியமாக இருந்தார். இரண்டாவது கிண்ணத்தில் அந்தத் தைரியம் போய்விட்டது. சூப் அவ்வளவு நன்றாக இருந்தது.

பேனா அவர் கையில் இருக்கிறது. அடுத்த வரியை நீங்களே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படியொரு படிவத்தில் நான் கையெழுத்துப் போட்ட விதம்தான்: மூக்கில் இருந்த கண்ணாடியைப் பத்து நிமிஷம் வீடெல்லாம் தேடினேன். மகள் பொறுமையாகக் கூடவே தேடினாள்.