கங்குவின் தொட்டில்

பிறந்த மூன்றாம் நாள் குழந்தையின் உடல் சூடு ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தொட்டது. மற்றபடி ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இரண்டு மெத்தைகளும் ஒரு மரத்தொட்டிலும் சாம்பலான பிறகு, வெல்டரான அப்பா முன்னறையில் உலைச்செங்கல் பரப்பி, மகளை இரும்புச் சட்டுவத்தில் ஏந்திப்போய்க் கிடத்தினார். வழியிலேயே சட்டுவம் துவண்டுவிட்டது. அதற்குப் பிறகு அவளை யாரும் தூக்கவில்லை. நீளக் குழாயில் ஊற்றிய பால் உதட்டருகே ஆவியாகும். அந்த ஆவியைக் குடித்தே கொழுகொழுவென்று வளர்ந்தாள். தெருவில் கங்கு என்று பெயர் வைத்தார்கள். அடுத்த நான்கு மாதமும் தூக்கச் சொல்லித்தான் அழுதாள். அம்மா பத்தடி தள்ளி நின்று, வெறுங்கையைப் பிசைந்துகொண்டு தானும் அழுதாள்.

அம்மாவுக்கு உலோக ஆய்வுக்கூடத்தில் வேலை. ஊருக்கெல்லாம் சூடு தாங்கும் உலோகம் செய்கிறவளுக்குச் சொந்தப் பிள்ளைக்கு ஒரு தொட்டில் செய்ய வக்கில்லை என்று நாத்தனார் குத்திக்காட்டினாள். சொல்வது சுலபம். டங்ஸ்டன் எந்தச் சூட்டுக்கும் அசையாது, ஆனால் ஆறியபின் வளைத்தால் படக்கென்று ஒடியும். நியோபியம் சொன்னபடி வளையும், சூட்டில் பாரம் ஏற்றினால் தொய்ந்து தரையைத் தொடும். இரண்டையும் கலந்தாள். நூற்றுக்கு இருபது பங்கு டங்ஸ்டன் போட்ட கட்டி, ஏழு முறையும் சம்மட்டியின் முதல் அடியிலேயே விரிசல் விட்டது. ஒருநாள் கணவர் அவளுடைய நோட்டைப் புரட்டினார்.

"யாருடி இந்தப் பதினெட்டு கிலோ?"

"அஞ்சு வயசுல அவ அவ்வளவு இருப்பா. அதையும் ரெண்டு மடங்கா வச்சிருக்கேன், பயமில்லாம இருக்கட்டும்னு."

"இப்ப ஆறு கிலோதானே. அவ இன்னைக்கு அழறா. அஞ்சு வயசை அஞ்சு வயசுல பாத்துக்கலாம்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. மறுநாள் ஆறு கிலோவுக்கே கணக்குப் போட்டு, டங்ஸ்டனைப் பத்துப் பங்காகக் குறைத்து, ஒரு பங்கு சிர்கோனியம் சேர்த்தாள். கட்டி அடி வாங்கியது, தகடானது, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கம்பியாக நீண்டது. அந்தச் சூட்டில் காற்று பட்டால் அரித்துவிடும் என்பதால் மேலே சிலிக்கன் பூச்சு கொடுத்தாள். கம்பியை வலையாகப் பின்னி, அதே உலோகத்தில் செய்த பன்னிரண்டடிக் கழியின் நுனியில் கட்டி, கழியை நடுவில் ஒரு தாங்கியின்மேல் வைத்தார்கள். வலையைச் செங்கல்மேல் விரித்ததும், குப்புற விழப் பழகியிருந்த கங்கு தானாகவே அதில் புரண்டு ஏறினாள்.

அம்மா மறுமுனையை மெல்ல அழுத்தினாள். வலை எழும்பியது. பாதி உயரத்தில் அழுகை நின்றது. மகளின் பாரம் முதல்முறையாக மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது.

"கனக்கறா பாருங்க," என்றாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

"கை வலிக்கும், குடு."

"போங்க அந்தப் பக்கம்."

திடீரென்று தெரு அமைதியானதில் பயந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, தன் பக்கத்துச் சுவரோரமாக ஆட்டினால் ஈரத்துணி சீக்கிரம் காயும் என்றாள். அம்மாவும் சரியென்று கழியை அந்தப் பக்கம் திருப்பினாள், கையை மட்டும் எடுக்கவில்லை.