படிவத்தின் ஏழாவது கட்டம்

அந்தப் படிவத்தில் முதலில் ஆறு கட்டங்கள்தான் இருந்தன. ஏழாவதைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் பேராசிரியை.

பல்கலைக்கழகமும் ஒரு மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து கணினிப் பாதுகாப்புக்கு ஒரு படிப்பு தொடங்குவதாகப் பேச்சு. இரண்டு வருடமாகப் பேச்சு மட்டும்தான் நடந்தது. நிறுவனம் தன் வலையமைப்பைப் போலவே ஒரு நகல் செய்து கொடுக்கும். மாணவர்கள் அதை உடைத்து உடைத்துப் பழகுவார்கள். தேறுகிற இருபது பேருக்கு அங்கேயே ஆறு மாதப் பயிற்சி, பிறகு வேலை. பழகும்போது நிஜமான ஓட்டை ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் அந்தப் படிவம்; கண்டவர் மாணவரானாலும் நிறுவன ஊழியரானாலும் நிரப்பியாக வேண்டும். என்ன கண்டீர்கள், எங்கே, எப்போது, உள்ளே நுழைந்து பார்த்தீர்களா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். ஏழாவது கட்டம் கேட்பது இது: இதை அனுப்புமுன் வேறு யாரிடம் சொன்னீர்கள்?

எதற்கு இந்தக் கேள்வி என்று நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவருக்குப் புரியவில்லை. பேராசிரியை பொறுமையாக விளக்கினாள். முன்கூட்டியே காதில் போட்டுவிட்டால், சம்பந்தப்பட்ட ஆள் அவசர அவசரமாகத் துடைத்து வைத்துவிடுவார். ஓட்டை என்னவோ அடைபட்டுவிடும். அந்த வழியாக ஏற்கெனவே யாராவது வந்து போனார்களா என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. அவர் ஒப்புக்கொண்டார்.

நகலைக் கட்டியவன் அவளுடைய தம்பி. அந்த நிறுவனத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறான். இந்தக் கூட்டு முயற்சியை உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு வந்தவனும் அவன்தான். அக்கா, தம்பி என்பதை யாரிடமும் அவர்கள் ஒளிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் அவளுடைய துறைத் தலைவர் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார், என்னவோ அவரே முன்னின்று சம்பந்தம் பேசி முடித்தது போல.

ஒப்பந்தம் ஒரு வியாழக்கிழமை கையெழுத்தாவதாக இருந்தது. முன்னோட்ட வகுப்புகள் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, நிரப்பிய படிவத்தோடு நோண்டி வந்து நின்றாள்.

நோண்டி என்பது வகுப்புத் தோழிகள் வைத்த பெயர். எதைக் கொடுத்தாலும் அடிவரை கிளறாமல் விடமாட்டாள். நகலுக்குள் யாரும் சீண்டாத ஒரு மூலையில் ஒரு பழைய பேக்கப் கோப்பு, அதற்குள் ஒரு பாஸ்வேர்ட். பக்கத்தில் இருந்த முகவரி நகலுடையது அல்ல, நிறுவனத்தின் நிஜ வாசலுடையது. உள்ளே நுழைந்து பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாள். ஏழாவது கட்டத்தில், 'யாரிடமும் இல்லை.'

"கூட இருக்கறவங்ககிட்ட கூடச் சொல்லலையா?" என்று கேட்டாள் பேராசிரியை.

"இல்ல மேடம். நீங்கதான சொல்லக்கூடாதுன்னீங்க."

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் பேராசிரியை அறைக் கதவைச் சாத்தினாள். மாணவியின் படிவத்தோடு தன்னுடையதையும் நிரப்பி நிறுவனத்தின் பொது முகவரிக்கு அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பு. நகலை வெளியாட்களிடம் கொடுக்குமுன் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டவன் தம்பி. இந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தால் அவன் வேலைக்கே உலை வைக்கலாம்.

மாணவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. நன்றாகவே நினைவிருந்தது. இருந்தும் போனை எடுத்தாள். அப்போது மணி பத்து நாற்பத்திரண்டு.

அவன் முழுதாகக் கேட்டான். மாற்ற வேண்டும் என்று தனியாக எடுத்து வைத்ததாகவும், அப்படியே மறந்துபோனதாகவும் சொன்னான்.

"அக்கா, ஒரு அரை மணி நேரம் குடு. நான் சரி பண்ணிடறேன்."

"நான் ஃபார்ம் அனுப்பியாகணும்டா."

"அனுப்பு. எனக்கு போன் பண்ணதை மட்டும் எழுதாத. உனக்குத்தான் கெட்ட பேரு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான் எடுத்துக்கொள்வான், அவளும் விட்டுவிடுவாள்.

ஆறு கட்டத்தை நிரப்ப ஐந்து நிமிடம் ஆனது. ஏழாவதுக்கு இருபது நிமிடம். 'யாரிடமும் இல்லை' என்று தட்டினாள், அழித்தாள். மேசைமேல் நோண்டியின் படிவம் கிடந்தது, அதிலும் அதே வார்த்தைகள்தான். அந்தப் பெண் எழுதியது நிஜம். தன் தப்பைத் தான் ஏற்றுக்கொண்டால் அவன் தலையில் மறதி ஒன்றுதான் மிஞ்சும், அதற்கு எச்சரிக்கையோடு விடுவார்கள் என்று கணக்குப் போட்டாள். 'என் தம்பியிடம். தொலைபேசியில். 10:42' என்று எழுதி அனுப்பிவிட்டாள். மணி பதினொன்று பத்து.

மூன்று மணிக்கு நிறுவனத்துக்கு வரச் சொன்னார்கள். கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறை. நாலு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில். தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். பாதுகாப்புத் தலைவர் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அவளுடையது. மற்றது தம்பியுடையது, பத்து ஐம்பத்தெட்டுக்கே வந்து சேர்ந்திருந்தது. வழக்கமான சோதனையில் தானே கண்டுபிடித்ததாகவும், பாஸ்வேர்டை மாற்றிக் கோப்பை அழித்துவிட்டதாகவும் எழுதியிருந்தான். ஏழாவது கட்டத்தில், 'யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.'

கேட்காத கேள்விக்கு எழுதிய அந்தக் கடைசி வரி யாருக்காக என்று பேராசிரியைக்குப் படித்ததுமே புரிந்தது.

"ரெண்டும் சரியா இருக்க முடியாது," என்றார் பாதுகாப்புத் தலைவர்.

தன்னுடையதுதான் சரி என்று சொல்லி அக்காவை ஒரு வார்த்தையில் மாட்டிவிட அவனுக்கு நேரம் இருந்தது. அவன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னோடதுதான் பொய். அவங்க எழுதினது சரி."

வீட்டில் அவள் அவனுக்கு அக்கா, நீ, வா, போ. இங்கே அவங்க. அழுதால் அதையும் யாராவது குறித்துக்கொள்வார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

மறதிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டிருப்போம் என்று பாதுகாப்புத் தலைவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அழித்த கோப்போடு அதை யார் யார் திறந்தார்கள் என்ற பதிவும் போய்விட்டது. எட்டுப் பேர் ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். யாராவது வந்து போனார்களா, இல்லையா, இன்றுவரை தெரியாது. தம்பியை ராஜினாமா எழுதச் சொன்னார்கள், எழுதினான்.

தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த வியாழக்கிழமை ஒப்பந்தம் சொன்னபடி கையெழுத்தானது. பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று பேராசிரியை கடிதம் கொடுத்தாள். பாதுகாப்புத் தலைவர் வாங்க மறுத்துவிட்டார். தனக்கே பாதகமாக ஏழாவது கட்டத்தை நிரப்புகிற ஒருவரிடம்தான் இந்தப் படிப்பு இருக்கவேண்டும் என்றார். துறைத் தலைவர் கைதட்டினார். தம்பியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவன் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் படிப்பு தொடங்கியது. நடந்ததை, ஆள் அடையாளம் இல்லாமல், முதல் பாடமாக வைக்கவேண்டும் என்பது நிறுவனத்தின் விருப்பம். அவளே எழுதினாள். கடைசியில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி: இந்தச் சம்பவத்தில் முதல் தவறு எது? பதிலை வாயால் சொல்ல வேண்டும்.

பாஸ்வேர்டை மாற்றாதது என்றார்கள் பலர். கோப்பை நகலில் விட்டுவைத்தது என்றான் ஒருவன். நோண்டியின் முறை வந்தது. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அந்த போன் கால்தான் மேடம். அது வரைக்கும் நடந்தது வெறும் மறதி. போன் வராம இருந்திருந்தா அவர் எதையும் அழிச்சிருக்க மாட்டார். பொய்யும் சொல்லியிருக்க மாட்டார்."

வகுப்பு பேராசிரியையைப் பார்த்தது. பாஸ்வேர்டை மாற்றாததுதான் சரியான விடை என்று விடைக்குறிப்பில் இருந்தது. அதையும் அவள்தான் எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு, நோண்டிக்குப் பத்துக்குப் பத்து போட்டாள்.