கேட்டைப் பூட்ட மறந்தவள்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தவள் கிருஷாந்தி. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை அவளிடம் விட்டுப்போய் மாலையில் வந்து தூக்கிக்கொள்வார்கள். அந்தப் புதன்கிழமை பதினைந்து பிள்ளைகள். பத்து மணிக்குப் பால்மா எடுக்க அலுமாரியைத் திறந்தவள், உள்ளே கலைந்து கிடந்த போர்வைகளை மடிக்கத் தொடங்கினாள். பெரியதும் சிறியதுமாகப் பிரித்து அடுக்கினாள். வெளியே லொறியின் டயர்கள் கிறீச்சிடும் சத்தம் கேட்கும்வரை பால்மா அவள் நினைவுக்கு வரவில்லை.

விறகு கொண்டுவந்தவருக்குத் திறந்துவிட்ட பின்கேட்டை அவள் பூட்டியிருக்கவில்லை. அந்தத் தாய்மாரில் ஒருத்தியான பிரியந்தியின் இரண்டு வயது மகள் அந்த வழியாக நடந்து இறங்கி, வளைவில் கொழுந்து லொறிக்கு முன்னால் நின்றிருந்தாள். லொறி நின்ற இடத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை.

பிள்ளைக்குக் கீறல்கூடப் படவில்லை. பிரியந்தி மலையிலிருந்து ஓடிவந்தாள். திட்டவில்லை, கத்தவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு கிருஷாந்தியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் தோட்டத்து ஒபிசிலிருந்து கடிதம் வந்தது: அடுத்த வியாழக்கிழமை விசாரணை.

கிருஷாந்தியின் முப்பத்திரண்டு வயதுக்குள் இப்படி எத்தனையோ நடந்திருந்தன. தீய்ந்த பால், தொலைந்த சாவிகள், போகவேண்டிய இடத்தைத் தாண்டிப் போன பஸ்கள். போனில் அலாரம் வைப்பாள். அலாரத்தை நிறுத்திவிட்டு மூன்று அடி நடப்பதற்குள் எதற்காக வைத்தோம் என்பது போய்விடும். போன வருடம் ஹட்டனில் நடந்த பயிற்சி வகுப்பில் ஒரு டொக்டர், கவனத்தை நிறுத்திவைக்க முடியாத பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். ஏ.டி.எச்.டி. என்று அதற்குப் பெயர் சொன்னார். பலருக்கு அது வளர்ந்த பிறகும் இருக்கும், பெண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை என்றார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கிருஷாந்திக்குக் கை ஓடவில்லை. அவர் சொன்னதெல்லாம் அவளுடைய கதை.

டவுன் ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்கில் யாருக்கும் தெரியாமல் ஒரு திகதி வாங்கினாள். அந்தத் திகதியையே மறந்தும் போனாள். லொறி நின்ற அன்று மறுபடியும் போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள், விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு. பன்னிரண்டு வயதுக்கு முன்னால் அவளைப் பார்த்து வளர்த்த ஒருவரும் கூட வர வேண்டும் என்றார்கள்.

கணவன் பிரதாப் த்ரீவீல் ஓட்டுபவன். அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். கேட்டைப் பூட்ட மறந்ததற்கு மன்னிப்புக் கேட்டால் போதும், அந்தக் கிளினிக்குக்குப் போனவள் என்று தெரிந்தால் எந்தத் தாய் பிள்ளையை விடுவாள் என்று கேட்டான்.

"நாளைக்கும் மறப்பேங்க," என்றாள் அவள். "அப்ப லொறி நிக்கலைன்னா?"

அவன் அதற்கு மேல் தடுக்கவில்லை. அவளுடைய அம்மா மீனம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் இரண்டு நாளாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் வரும் நேரத்தில் கிளினிக் துண்டுச்சீட்டை மேசையிலேயே விட்டு வந்தது தெரிந்தது. திரும்பி ஓடி எடுத்து வருவதற்குள் பஸ் போய்விட்டது. பிரதாப் இருவரையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு ஓட்டினான். போய்ச் சேர்ந்தபோது கிடைத்தது நாற்பத்தோராம் நம்பர். டொக்டர் பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய்விடுவார் என்றார்கள். காத்திருந்தவர்களின் வாங்கு வரிசையில் தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று மீனம்மா சேலையை முகத்தருகே இழுத்துப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினொன்றே முக்காலுக்கு அவர்கள் நம்பர் வந்தது.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. றிப்கா என்ற தாதி பக்கத்தில் உட்கார்ந்து சிங்களத்தில் மாற்றிச் சொன்னாள். கிருஷாந்தி தன் கதையைச் சொல்லி முடித்தாள். அடுத்து, மகள் சின்ன வயதில் எப்படி இருந்தாள் என்று மீனம்மாவைக் கேட்டார்கள்.

"எங்க புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லைங்க," என்றாள் மீனம்மா. "சின்னதுலயே அடக்கமான புள்ள. சொன்ன வேலைய சொன்னபடி செய்யும்."

கிருஷாந்தி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பில், விளையாட்டில், வீட்டில் என்று டொக்டர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அதே பதில்தான். டொக்டர் எழுதினார். சிறு வயதில் அறிகுறி எதுவும் இல்லையென்றால் இது வேலை போய்விடுமோ என்ற பயமாக இருக்கலாம், தூங்க மாத்திரை தரலாம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று றிப்காவிடம் சொன்னார். அந்தளவு சிங்களம் கிருஷாந்திக்கும் புரிந்தது. டொக்டர் கோப்பை மூடிவைத்தார்.

"அம்மா, தம்பி திலக்ஷன் காலு வெந்ததப் பத்திச் சொல்லுங்க."

"அது நான் செஞ்சது."

"இல்லம்மா."

வெளியே அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். றிப்கா மீனம்மாவின் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, இங்கே சொல்வது வெளியே போகாது என்றாள்.

"தம்பியப் பாத்துக்கன்னு சொல்லிட்டு நான் பெரட்டுல பேர் குடுக்கப் போயிட்டேங்க," என்றாள் மீனம்மா. "ஒம்பது வயசு இதுக்கு. கொப்பியில படம் வரைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. அவன் அடுப்புகிட்ட தவழ்ந்து போனத இது பாக்கவே இல்ல. சுடுதண்ணி காலு முழுக்கக் கொட்டிருச்சு. இதோட அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டிருப்பாரு. நான்தான் கொட்டிட்டேன்னு சொன்னேன். அவரு சாகுற வரைக்கும் அப்படித்தான் நெனச்சிருந்தாரு."

அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. வாரத்துக்கு ஒரு கொப்பி தொலைந்ததை, பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியை, எழுதி முடிக்கட்டும் என்று சேலைத் துணியால் மகளைத் தூணோடு கட்டிவைத்ததை எல்லாம் சொன்னாள். றிப்காவின் மொழிபெயர்ப்பு மெதுவாகிக்கொண்டே போனது. டொக்டர் கோப்பை மறுபடி திறந்தார். பன்னிரண்டரை மணி வரை அவர் எழவில்லை.

அறிகுறிகள் பலமாகத் தெரிகின்றன, பள்ளி ரிப்போர்ட்டுகளோடு இன்னொரு முறை வர வேண்டும், மாத்திரை தொடங்குமுன் இதயத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். கிருஷாந்தி ஒரு கடிதம் கேட்டாள். அது தோட்டத்துக் கோப்பில் என்றைக்கும் இருக்குமே, பரவாயில்லையா என்று டொக்டர் கேட்டார். பரவாயில்லை என்று அவளே சிங்களத்தில் சொன்னாள்.

வெளியே வந்ததும் மீனம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணும்னே செய்றன்னு நெனச்சுத்தான் அடிச்சேன் புள்ள," என்றாள். கிருஷாந்தி த்ரீவீல் நிற்கும் இடம்வரை கையை விடாமல் நடந்தாள்.

வியாழக்கிழமை தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை டொக்டரின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிரியந்தியும் அங்கே இருந்தாள். இப்படிப்பட்ட ஒருவர் பிள்ளைகளோடு இருக்கலாமா என்று அவர் கேட்டார். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் கிருஷாந்தி இரண்டு இரவு தூங்கவில்லை.

"தனியா இருக்கக்கூடாதுங்க," என்றாள். "அதச் சொல்லத்தான் கடிதத்தக் கொண்டாந்தேன்."

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பிள்ளைக்காம்பராவுக்கு இன்னொரு பெண்ணைப் போடுவதென்றும், அதுவரை கிருஷாந்தி ஒபிசில் வேலை செய்வதென்றும் முடிவாயிற்று.

படியிறங்கும்போது பிரியந்தி நின்றாள். "ஏதோ நோய் வருத்தம்னு சொன்னா எனக்குப் பயம் போயிருமா?"

"போகாதுங்க. எனக்கே போகல."

மகளை இப்போதைக்கு மாமியாரிடம்தான் விடப்போவதாகச் சொல்லிவிட்டுப் பிரியந்தி மலைக்கு ஏறிப்போனாள். கிருஷாந்தி பழைய பள்ளி ரிப்போர்ட்டுகளைத் தேட அம்மாவின் லயத்து வீட்டுப் பக்கம் நடந்தாள்.