சுத்தியலுக்கு முன் கையில் இருந்தது

அந்த அனிமேஷன் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், சுவரில் குத்தியிருந்த தாளிலிருந்து சுத்தியல்காரன் இறங்கிவந்து கதாசிரியனின் இரண்டு விலா எலும்புகளை உடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு. உடைத்துவிட்டு வந்த வழியே தாளுக்குள் போனான். தரையில் கொஞ்சம் சாம்பல் கிடந்தது. பெருக்குகிற அம்மா முணுமுணுத்துக்கொண்டே அதை அள்ளிப் போட்டாள். விசாரிக்க வந்த காவலர் தாளையும் சாம்பலையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்துலேர்ந்து இறங்கி வந்தான்னு எழுத முடியாதுங்க. வெளியூர் ஆள்னு போட்டுக்கறேன்" என்றார்.

சுத்தியல்காரனை வரைந்தவள் கதாசிரியனின் கூடப்பிறந்த அக்கா. அலுவலகத்தில் முதலாளி உட்பட எல்லாரும் அவளை அக்கா என்றும் அவனைத் தம்பி என்றும்தான் கூப்பிட்டார்கள். உலகம் எரிந்து முடிந்தபின் மிஞ்சிய நாற்பத்திரண்டு பேரைப் பற்றிய படம் அது. ஆட்கள், இடிந்த கட்டடங்கள், வானத்தின் நிறம் எல்லாம் அவள் பொறுப்பு. கதையும் வசனமும் அவனுடையவை. அவன் எழுதியதைப் படத்தின் அழகுக்காக அவள் மாற்றுவதும், மாற்றியதற்கு ஏற்ப அவன் கதையை வளைத்துக்கொள்வதும் ஒரு வருடமாக நடந்துகொண்டிருந்தது. அவன் முதலாளியிடம் முறையிட்டபோது, "ஏழு ஓவியத்தைக் காட்டிப் படத்தை வித்தாச்சு தம்பி. கதையை யாரு கேட்டா?" என்று அவர் பதில் சொன்னார். நாற்பத்திரண்டு பேருக்கும் வாய் இல்லாத முகமூடி போட்டதும் அக்காதான். உதட்டசைவு வரைகிற வேலை மிச்சம் என்று முதலாளிக்கும் அது பிடித்திருந்தது.

மருத்துவமனையில் அவள் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"சிரிக்க வைக்காதக்கா. சிரிச்சாதான் வலிக்குது."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உன் மூஞ்சியப் பாத்தாலே போதும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "அவன் என்னமோ கேக்கத்தான் வந்தான்க்கா. அடிக்கிறதுக்கு முன்னாடி என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னான். வாய் இல்ல, அதான் அடிச்சிட்டான். ஒரு வாய் வெச்சு விடேன்."

"முகமூடியில ஓட்டை போட்டா கோடே கெட்டுடும்டா. நாப்பதடி தூரத்துல நின்னாலும் அவன்தான்னு தெரியணும்."

"நாலடி தூரத்துல நின்னேன். நல்லாவே தெரிஞ்சுது."

அடுத்த வாரம் அவன் வேலைக்குத் திரும்பிய அன்று காறை எலும்பு போயிற்று. அதன்பின் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்து பார்த்தான். இரண்டாம் நாள் சுத்தியல்காரனோடு மூன்று முகமூடிகள் மாடிப்படி இறங்கி, பேருந்து நிறுத்தம் இரண்டைக் கடந்து, வழியில் மறித்த ஒருவரின் மூக்கையும் ஆறு கார்க் கண்ணாடிகளையும் உடைத்து, அவன் வீட்டுக் கதவைப் பெயர்த்தார்கள். இடையில் புகுந்த அவன் மனைவிக்கு முன்பல் போயிற்று. மறுநாளிலிருந்து அவனே மூன்று மணிக்குத் தன் மேசையில் வந்து உட்கார்ந்துகொண்டான். வீட்டில் இருக்கிறவர்களாவது தப்பட்டும் என்றான். தாள்களைக் கிழித்துப் போட முதலாளி சம்மதிக்கவில்லை. மேசையைச் சுற்றி இரும்புக் கம்பி வலை அடித்துக் கொடுத்தார். அது ஒரு நாள் தாங்கியது.

தம்பியின் கணுக்கால் உடைந்த அன்றும் அக்கா இரண்டு மேசை தள்ளித்தான் இருந்தாள். முதல் நாட்களில் குறுக்கே ஓடிப்போனாள், கத்தினாள், நாற்காலியை எடுத்து எறிந்தாள். அவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், விரல் நகம்கூட அவள்மேல் படவில்லை. பிறகு எல்லாரையும் போல அவளும் சுவரோரம் ஒதுங்கி நிற்கப் பழகினாள். சுத்தியல் மேலே போகும்போது நிழல் தான் வரைந்த கோணத்திலேயே விழுவதை அவள் கவனித்தாள். நான்காம் வாரம் தம்பியின் தாடை உடைந்த அன்று, அடிக்கிறவனின் தோள் எப்படித் திரும்புகிறது என்று ஒரு தாளில் நாலு கோடு போட்டுக்கொண்டாள். எப்போது பென்சிலை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தாடைக்குக் கம்பி போட்டுவிட்டதால் தம்பி சிலேட்டில் எழுதிப் பேசினான். அன்று மாலை அவள் கட்டிலருகே வந்ததும் எழுதிக் காட்டினான்.

"தோள் சரியா வந்துச்சா?"

அவள் வீட்டுக்குப் போகவில்லை. விடியும்வரை ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மூன்று மணிக்கு, தம்பி கழுத்துப் பட்டையோடு மேசையில் வந்து உட்கார்ந்தபோது, அவள் அட்டை வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனாள். சுத்தியல்காரனின் முகமூடியில் மூக்குக்குக் கீழே ஒரு கீறல் போட்டாள். தாளிலிருந்து ரத்தம் அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைவரை வழிந்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினான். கால் மணி நேரம் வெறுமனே அலறினான். ஒரு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. அதற்குப் பிறகுதான் வார்த்தை வந்தது.

"இந்தக் கையில வேற என்னமோ இருந்துச்சு" என்றான் தம்பியிடம். "எங்க அது?"

சுத்தியல் மேலே போயிற்று. தம்பி சிலேட்டைத் தேடினான்.

"அவனை விடு" என்றாள் அக்கா. "அவன் சரியாத்தான் எழுதினான். மாத்தினது நான்."

"என்ன இருந்துச்சு?"

"உன் பொண்ணு. உன் கையப் பிடிச்சுக்கிட்டு நடப்பா."

"ஏன் மாத்தின?"

அவள் உள்ளதைச் சொன்னாள். "ரெண்டு பேரா நின்னா உருவம் எடுபடல. சுத்தியல் நல்லா இருந்துச்சு."

அவன் சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான். அவள் வலது கையைப் பிடித்து மேசைமேல் விரித்துவைத்து ஒரே ஒரு அடி அடித்தான்.

பிறகு அங்கேயே நின்றான். அவள் தரையில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்து, இடது கையால் பென்சிலை எடுத்தாள். அந்தக் கையால் அவள் கையெழுத்துக்கூடப் போட்டதில்லை. மகளுக்கு வாயை முதலில் போட்டாள். தலை பெரிதாக வந்தது. ஒரு கண் மேலே ஏறிக்கொண்டது. ஒரு கால் குட்டை. ஒரு கையில் மூன்று விரல்தான் விழுந்தது. அழிக்கப் போனபோது அவன் ரப்பரை வாங்கித் தூர வீசினான். குழந்தை தாளிலிருந்து எழுந்து இரண்டு கையையும் தூக்கியது. அதைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்ததால் சுத்தியலை மேசைமேல் வைத்தான்.

மற்ற நாற்பத்தொரு பேருக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒவ்வொருவராகக் கீறி, தொலைந்தது என்னவென்று கேட்டு, இடது கையால் வரைந்து கொடுத்தாள். அதுவரை அடியும் வாரத்துக்கு ஒன்றிரண்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. பாதி தம்பிக்கு, பாதி அவளுக்கு. படம் வெளியானது. ஓவியங்களைப் புகழ்ந்த ஒரு பத்திரிகை, அந்தச் சிறுமியைப் போன்ற சிலவற்றை மட்டும் வரையத் தெரியாத யாரோ வரைந்ததுபோல இருக்கிறது என்று குறை சொன்னது. தம்பி அதைக் கத்தரித்துத் தன் மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டான். அவன் இன்றும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான். அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்குவதில்லை.

மூன்றேகால் மணிக்குச் சுத்தியல்காரன் இப்போதும் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறான். குட்டைக் காலால் அவளுக்கு ரொம்ப தூரம் நடக்க முடியாது. தம்பியின் மேசைக்கு அடியில் படுத்து அவள் ஒரு மணி நேரம் தூங்குவாள். அந்த நேரம் தம்பி அவள்மேல் படாமல் காலை நாற்காலிமேல் மடித்து வைத்துக்கொண்டு எழுதுவான். சுத்தியலை அவள் அப்பன் திரும்பக் கேட்கவில்லை. அலுவலகத்தில் ஆணி அடிக்க அதைத்தான் எடுக்கிறார்கள். கொஞ்சம் கனம்.